ஆடியில் தொடங்கும் ஸ்வெட்டர்

கைப்பின்னல் பழக்கம் உள்ளவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு பட்டியல் போடுவார்கள். வரும் ஆண்டில் இரண்டு ஸ்வெட்டர், ஆறு ஜோடி சாக்ஸ், ஒரு லேஸ் சால்வை. கூடவே, அலமாரியில் சேர்ந்து கிடக்கும் நூல் முழுவதையும் தீர்த்த பிறகுதான் புது நூல் வாங்குவது என்று ஒரு சபதம். பட்டியல் போடுவதில் தவறில்லை, நானும் போடுகிறவள்தான். ஆனால் எத்தனை உருப்படி என்ற எண்ணிக்கையை இலக்காக வைத்துக்கொள்வது இந்த வேலைக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. பச்சைக் குழந்தையின் குல்லாவும் ஓர் உருப்படி, பெரியவர் ஒருவருக்கான முழுக்கை ஸ்வெட்டரும் ஓர் உருப்படி என்றால் அந்தக் கணக்கில் என்ன தெரிந்துவிடும்? இலக்கை மணிக்கணக்கில் போட வேண்டும், யார் உடம்பில் ஏறப்போகிறது என்ற பெயரோடு போட வேண்டும், எந்த மாதத்தில் அது மடியில் கிடக்கப்போகிறது என்று பார்த்தும் போட வேண்டும். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கம்பளி பின்னுகிறவளுக்கு இந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விடப் பெரியது.

முதலில் மணிக்கணக்கு. நடுத்தரப் பருமனுள்ள நூலில், 4 மில்லிமீட்டர் ஊசியில், 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 22 கண்ணிகளும் (ஊசியில் விழும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி) 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 28 வரிசைகளும் வருவதாக வைத்துக்கொள்வோம். மார்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் வேண்டும் என்றால் ஒரு சுற்றுக்கு 220 கண்ணிகள். அக்குள் வரை 40 சென்டிமீட்டர் உயரம் என்றால் 112 சுற்றுகள். ஆக உடல் பகுதிக்கு மட்டும் 24,640 கண்ணிகள். இரண்டு கைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 15,000, தோளும் கழுத்தும் இன்னொரு 12,000 என்று கூட்டினால் ஒரு ஸ்வெட்டர் 50,000 கண்ணிகளைத் தாண்டிவிடுகிறது. நிதானமாகப் பின்னுகிற ஒருவர் நிமிடத்துக்கு 25 கண்ணிகள் போடுவார் என்று கொண்டால் ஏறக்குறைய 35 மணி நேரம். ஷெட்லாந்துத் தீவுகளைச் சேர்ந்த ஹேசல் டிண்டால் 2008-இல் நடந்த போட்டியில் 3 நிமிடத்தில் 262 கண்ணிகள் போட்டவர்; அவர் வேகத்தில் அதே ஸ்வெட்டரை 10 மணி நேரத்தில் முடித்துவிடலாம். நமக்கு அந்த வேகம் வேண்டியதில்லை, ஆனால் நம்முடைய வேகம் எவ்வளவு என்பது தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியில் ஐந்து நிமிடம் வைத்து, பேச்சுக் கொடுக்கும் ஆள் பக்கத்தில் இருக்கும்போதே எண்ணிப் பார்த்தால் உண்மையான எண் கிடைக்கும். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினால் கிடைப்பது ஆண்டு முழுவதும் திரும்ப வராத எண்.

நாளுக்கு அரை மணி நேரம் ஊசி பிடிக்க முடிகிறவருக்கு ஆண்டுக்கு 182 மணி நேரம் இருக்கிறது. மேலே சொன்ன பட்டியலில் இரண்டு ஸ்வெட்டருக்கு 70 மணி போய்விடும். சாக்ஸ் சின்னதுதானே என்று தோன்றும். ஆனால் மெல்லிய நூலில் சுற்றுக்கு 64 கண்ணிகள் வைத்து, கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் ஒரு ஜோடி பின்ன 22,000 கண்ணிகள் ஆகும், அதாவது 15 மணி நேரம். ஆறு ஜோடிக்கு 90 மணி. மீதி இருக்கும் 22 மணி நேரத்தில்தான் லேஸ் சால்வை, அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டுகள், தவறிய கண்ணியைத் தேடி வரிசை வரிசையாகப் பிரித்தெடுப்பது, நூல் நுனிகளைச் செருகுவது, காய்ச்சல் வந்த நாள், கல்யாண வீடு, விருந்தாளி எல்லாம் அடங்க வேண்டும். பட்டியல் ஜூன் மாதத்திலேயே இற்றுப்போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. போடும்போதே அது ஆண்டுக்குள் அடங்காத பட்டியல்.

இந்த இடத்தில் மாதிரித் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பலர் முதலில் வெட்டுவது அதைத்தான். 22 கண்ணிகள் வர வேண்டிய இடத்தில் நம் கைக்கு 20 கண்ணிகள்தான் வருகிறது என்றால், 220 கண்ணிகள் போட்ட ஸ்வெட்டர் 100 சென்டிமீட்டருக்குப் பதிலாக 110 சென்டிமீட்டர் சுற்றளவோடு வந்து நிற்கும். பத்து சென்டிமீட்டர் வேறுபாடு என்பது அடுத்த அளவுச் சட்டை. 35 மணி நேர வேலையைக் காப்பாற்ற ஒரு மணி நேரம் மாதிரிக்குக் கொடுப்பது செலவில் சேராது. அந்தத் துண்டைப் பின்னியவுடன் அளக்கவும் கூடாது. துவைத்து, காயவைத்து, பிறகு அளக்க வேண்டும்.

அடுத்து மாதக்கணக்கு. எலிசபெத் ஸிம்மர்மன் (1910–1999) என்ற பெயர் கைப்பின்னல்காரர்களுக்குப் பழக்கமானது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாழ்ந்த அவர், ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் மாதம் ஒரு வேலை என்று வகுத்து 1974-இல் ஒரு புத்தகமே எழுதினார். அதில் ஜனவரிக்கு உரியது கனத்த கயிற்றுப் பின்னல்கள் ஓடும் ஆரன் ஸ்வெட்டர். விஸ்கான்சின் ஜனவரிக்கு அது சரி. வெளியே பனி கொட்டும், மடியில் கனமான கம்பளி கிடந்தால் இதம். அந்த வரிசையை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். புத்தாண்டு உற்சாகத்தில் ஜனவரி முதல் தேதி ஊசியில் கண்ணி ஏற்றி, நாளுக்கு அரை மணி நேரமாகப் பின்னினால் ஸ்வெட்டர் முடியும்போது மாசி முடியப் போகும். போட்டுக்கொள்ள ஆளில்லாமல் அது பாச்சா உருண்டைகளோடு பெட்டிக்குள் போகும். பின்னி முடித்த பொருளை உடனே ஒருவர் போட்டுப் பார்ப்பதில் இருக்கும் சந்தோஷம் பத்து மாதம் தள்ளிப்போய்விடுகிறது. குழந்தைக்குப் பின்னியிருந்தால் அதற்குள் அது வளர்ந்துவிடும்.

எங்கள் ஊர்க் கணக்குப்படி ஸ்வெட்டருக்கு நல்ல மாதம் ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கத் தொடங்கியிருக்கும், கை வியர்க்காது, கம்பளி விரலில் ஒட்டாது. ஆடி முதல் தேதி தொடங்கினால் புரட்டாசி முடிவதற்குள் கண்ணி முடித்துவிடலாம். கழுத்துப் பட்டியைப் பிரித்து மறுபடி போட வேண்டியிருந்தாலும் ஐப்பசி முழுவதும் கையில் இருக்கிறது. கார்த்திகையில் துவைத்துக் காயவைத்து, மார்கழிக்கு உரியவரிடம் கொடுத்துவிடலாம். கோயம்புத்தூரில் மார்கழிக் குளிர் விடியற்காலையோடு முடிந்துவிடும் சமாசாரம்தான். நடைப்பயிற்சிக்குப் போகிற பெரியவர்களுக்கு ஒரு மஃப்ளரும் கையில்லாத ஸ்வெட்டரும் போதும். ஆனால் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரிலும் அதற்கு மேலே 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலும் சொந்தக்காரர்கள் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. கனத்த உருப்படிகள் எல்லாம் மேட்டுப்பாளையம் தாண்டி மேலே ஏறுபவைதான்.

அப்படியானால் தையிலிருந்து ஆனி வரை என்ன செய்வது? தையும் மாசியும் பழைய வேலைகளை முடிக்க ஏற்றவை. பங்குனி பிறந்துவிட்டால் கம்பளியை எடுத்து வைத்துவிட வேண்டும். வியர்த்த கையில் அக்ரிலிக் நூல் ஊசியின் மேல் கிறீச்சிடும். மூங்கில் ஊசி என்றால் கண்ணி நகரவே மறுக்கும். சித்திரையில் உலோக ஊசியும் பருத்தி நூலும்தான் சரிப்படும். பருத்திக்கு நாங்கள் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை, திருப்பூர் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் பின்னலாடைத் தொழிலுக்காகக் கோனில் சுற்றி வரும் நூல் எந்திரத்துக்கானது, கையில் பின்னுவதற்கு மிக மெல்லியது. அதைப் பல இழைகளாகச் சேர்த்துப் பிடித்துத்தான் பின்ன வேண்டும். எத்தனை இழை என்பதற்குக் கணக்கு உண்டு. பருத்தி நூலின் கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளங்கள் எத்தனை இருக்கின்றன என்பதுதான். 20-ஆம் கவுண்ட் என்றால் பவுண்டுக்கு 16,800 கெஜம், நம் அளவில் கிராமுக்கு ஏறத்தாழ 34 மீட்டர். பத்து இழையைச் சேர்த்தால் 100 கிராமுக்கு 340 மீட்டர் வரும். சாக்ஸ் நூலைவிடக் கொஞ்சம் கனம், ஸ்வெட்டர் நூலைவிட மெலிவு, 3.25 மில்லிமீட்டர் ஊசிக்குப் பொருத்தம். அரைக்கைச் சட்டைக்கு அருமையான பருமன் அது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒற்றை இழை நூல் ஒரே பக்கமாக முறுக்கேறியது. அந்த முறுக்கு தளர இடம் தேடும். பின்னிய துணி துவைத்த பிறகு ஒரு பக்கமாகச் சாயும். விலை மலிவான டி-ஷர்ட்டை நாலைந்து முறை துவைத்ததும் பக்கவாட்டுத் தையல் வயிற்றுப் பக்கம் சுற்றிக்கொண்டு வருவதை எல்லோரும் பார்த்திருப்போம், காரணம் இதுதான். கையில் பின்னும்போதும் அதே சாய்வு வரும். இரண்டு இழையை எதிர்ப்பக்கமாக முறுக்கிய இரட்டை நூலாக வாங்கி, பத்துக்குப் பதிலாக ஐந்தாகப் பிடித்தால் முறுக்கு முறுக்கைத் தணித்துவிடுகிறது, பருமனும் மாறாது. ஐந்து கோன்களைத் தரையில் நிறுத்தி, ஐந்து இழைகளையும் நாற்காலிக் கைப்பிடியில் கட்டிய ஒரு வளையத்துக்குள் கோத்து இழுத்தால் சிக்காமல் வரும். வீட்டில் பூனை இருந்தால் இந்த யோசனையைக் கைவிடுங்கள்.

பருத்திக்குக் கம்பளியைப் போல மீள்தன்மை கிடையாது. விளிம்புகளில் போடும் இழுபடும் பட்டிக்கு ரிப் என்று பெயர்; கம்பளி ரிப்பை இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். பருத்தி ரிப் இழுத்த இடத்திலேயே நின்றுவிடும். மேலும் பருத்தித் துணி தன் எடையாலேயே நீளும். ஆகவே பருத்தி மாதிரித் துண்டைத் துவைத்த பிறகு கொடியில் மாட்டி, அடியில் நாலைந்து துணிக் கிளிப்புகளைப் போட்டு ஒரு நாள் தொங்கவிட்டு அளந்தால்தான் சட்டை எவ்வளவு நீளும் என்பது தெரியும். இந்த ஆண்டுக்கான என் பட்டியலில் சித்திரை, வைகாசிக்கு நேராக இருப்பது இந்த அரைக்கைச் சட்டை ஒன்றுதான். உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைத்தே போடப்போகிறேன்.

குழந்தைகளுக்குப் பின்னுவதை எண்ணிக்கையில் வைக்கலாம். நான் மேலே சொன்னதற்கு இது மட்டும் விலக்கு. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 33 முதல் 36 சென்டிமீட்டர் வரை இருக்கும். குல்லா கழன்று விழாமல் இருக்க அதைவிடச் சற்றுச் சிறிதாக, 30 சென்டிமீட்டருக்கு, 66 கண்ணிகள் வைத்தால் போதும். இரண்டரை மணி நேரத்தில் ஒன்று முடியும், 30 கிராம் நூல்கூட ஆகாது. மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஆண்டு முடிவில் பன்னிரண்டு பச்சைக் குழந்தைகளுக்கு ஆயிற்று. ஆனால் நம் வீடுகளில் ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பது அவ்வளவு நேராக நடக்காது. பிறப்பதற்கு முன்னால் குழந்தைக்கென்று ஒன்றும் வாங்கவோ செய்யவோ கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வளைகாப்புக்குப் போகும்போது பையில் குட்டி ஸ்வெட்டரை எடுத்துப் போனால் பாட்டிமார்களின் முகம் மாறிவிடும். அதனால் ரகசியமாகப் பின்ன வேண்டும், அல்லது பிறந்த பிறகு தொடங்க வேண்டும். எப்படியானாலும் தொட்டில் போடும் நாளில்தான் கையில் கொடுப்போம். பிறந்த அளவுக்குப் பின்னியிருந்தால் இன்னும் சில வாரங்களில் அது போதாமல் போகும். ஆகவே எப்போதும் ஆறு மாத அளவுக்குப் பின்னுவதே புத்திசாலித்தனம். அதிலும் ஒரு கூட்டல் இருக்கிறது. ஆடியில் பிறக்கிற குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது தை பிறந்திருக்கும், முழுக்கை ஸ்வெட்டர் பயன்படும். தையில் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் ஆடியில் வரும். மெல்லிய பருத்திச் சட்டையே அதற்கு அதிகம். உறவில் யாருக்கு எப்போது பிரசவம் என்ற தகவல் இல்லாமல் என்னால் டிசம்பரில் பட்டியலை முடிக்க முடிவதில்லை. வம்பு பேசுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒரு கைப்பழக்கத்தையும் இலக்காக வைத்துக்கொள்கிறேன், ஒன்றுதான், இரண்டு இல்லை. இந்த ஆண்டுக்கான பழக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் குன்னூரில் இருக்கும் அத்தை. “கண்ணு, எனக்கு ஸ்வெட்டரெல்லாம் பெட்டி நிறையக் கிடக்குது. ராத்திரி ஆனா காலுதான் சில்லிட்டுப் போகுது, அதுக்கு ஏதாச்சும் பின்னிக் குடு” என்று சொல்லிவிட்டார். ஆகவே சாக்ஸ், சாக்ஸ் என்றால் குதிகால்.

கைப்பின்னலில் தட்டையான துணி திடீரென்று கிண்ணமாகும் இடம் குதிகால்தான். 64 கண்ணிகளில் பாதியை, 32 கண்ணிகளை, மட்டும் எடுத்து முன்னும் பின்னுமாக 32 வரிசைகள் பின்னினால் குதிகாலின் பின்புறத்தை மூடும் பட்டி கிடைக்கும். அதன் பிறகுதான் திருப்பம். 18 கண்ணிகள் வரை போய், அடுத்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, இன்னொன்று பின்னி, இடது ஊசியில் இன்னும் 11 கண்ணிகள் மீதம் இருக்கும்போதே துணியைத் திருப்பிவிட வேண்டும். மறுபக்கத்தில் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி, ஐந்து பர்ல் (பின்பக்கமாகப் போடும் கண்ணி) போட்டு, இரண்டைச் சேர்த்து, இன்னொரு பர்ல் போட்டு, அங்கேயும் 11 மீதம் வைத்துத் திரும்ப வேண்டும். திரும்பிய இடத்தில் கண்ணிகளுக்கு இடையே ஒரு சின்ன இடைவெளி தெரியும். அடுத்தடுத்த வரிசைகளில் எண்ண வேண்டியதே இல்லை. அந்த இடைவெளி வரை போய், அதற்கு முந்திய கண்ணியையும் பிந்திய கண்ணியையும் சேர்த்து, இன்னொன்று பின்னித் திரும்பினால் போதும். ஒவ்வொரு வரிசையும் முந்தியதைவிட ஒரு கண்ணி அகலமாகிக்கொண்டே போய், இரண்டு பக்கமும் மீதமெல்லாம் தீர்ந்ததும் ஊசியில் 18 கண்ணிகள் நிற்கும். மடியில் பார்த்தால் குதிகால் உட்காரும் அளவுக்கு ஒரு குழி விழுந்திருக்கும். எழுத்தில் படிக்கும்போது இந்தக் கட்டளைகள் தலையைச் சுற்றவைக்கும், ஊசியில் செய்யும்போது கை தானாகவே புரிந்துகொள்ளும். கம்பளியோடு நைலான் கலந்த சாக்ஸ் நூல் விலை கூடுதல் என்பதால், முதலில் சாதாரண நூலில் குதிகாலை மட்டும் தனியாக இரண்டு மூன்று முறை போட்டுப் பழகுவது நல்லது. முழு சாக்ஸ் பின்னிக்கொண்டே பழகுவது வீண் செலவு.

ஊசி எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டுப் பின்னல் வடிவக் குறிப்புகளைப் பார்த்து ஆண்டுத் திட்டம் போடுகிறவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள். நம் கடைகளில் விற்கும் ஊசிகளில் இருப்பது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். அமெரிக்க எண் இதற்குத் தலைகீழ். அங்கே 8-ஆம் எண் என்றால் 5 மில்லிமீட்டர். வடிவத்தில் 8 என்று இருந்தால் எந்த நாட்டு 8 என்று பார்க்காமல் கண்ணி ஏற்றக் கூடாது. என் குறிப்பேட்டில் மில்லிமீட்டர் மட்டும்தான்.

இருப்பு நூலைத் தீர்ப்பது என்ற சபதத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எந்த நிறத்தில் எத்தனை கிராம் என்று எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரே சாய எண் உள்ள, அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றிய, லூதியானா நூல் 400 கிராம் இருக்கிறதா, ஸ்வெட்டருக்கு நம்பி இறங்கலாம். 60 கிராம் இருக்கிறதா, இரண்டு குல்லாக்கள். 15 கிராம் துண்டுகளை வைத்துக்கொண்டு எதிர்காலத்தைப் பற்றிக் கனவு காண வேண்டாம்.

அந்தத் துண்டுகளுக்கு நான் கண்டுபிடித்திருக்கும் ஒரே கதி மழை மஃப்ளர். குளிர் நாடுகளில் ஆண்டு முழுவதும் நாளுக்கு ஒரு வரிசை வீதம், அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற நிறத்தில் பின்னிக்கொண்டே போய், டிசம்பர் 31-இல் ஒரு போர்வையாக முடிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. உறைபனியில் தொடங்கி வெயிலுக்குப் போய்த் திரும்புவதால் அங்கே நிறங்கள் வானவில்லாக மாறும். கோயம்புத்தூரில் அதைச் செய்தால் ஆரஞ்சு, ஆரஞ்சு, கொஞ்சம் அடர்த்தியான ஆரஞ்சு என்று போகும். சென்னையில் இன்னும் மோசம். நமக்கு ஆண்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுவது மழை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கில் சேர்க்கும். 15.5 வரை லேசான மழை, 64.4 வரை மிதமான மழை, 115.5 வரை கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிகக் கனமழை. மழையில்லாத நாளுக்கு ஒரு மண் நிறம், இந்த நான்கு வகைக்கும் நீலத்தின் நான்கு சாயல்கள் என்று வைத்துக்கொண்டால், மாசி, பங்குனியில் ஒரே காவியாக ஓடிக்கொண்டிருக்கும் துணியில் சித்திரைக் கோடை மழை இரண்டு கோடுகள் போடும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் நீலம் நெருங்கத் தொடங்கும். 10 சென்டிமீட்டருக்கு 28 வரிசை என்ற கணக்கில் 365 வரிசைகள் 130 சென்டிமீட்டர் வரும், கழுத்தில் ஒரு சுற்று சுற்றி முன்னால் விட்டுக்கொள்ளச் சரியான நீளம். நாள்தோறும் பின்னியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் தவறியதும் மனம் விட்டுப்போகும். நாள்காட்டியின் ஓரத்தில் அன்றன்று மழை அளவை மட்டும் எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏழு வரிசைகளையும் சேர்த்துப் போடுவது என் ஏற்பாடு. வரிசைக்கு 50 கண்ணிகள் என்றால் வாரத்துக்கு 350, கால் மணி நேர வேலை.

லேஸ் சால்வையை என்ன செய்வது என்பதில்தான் கடைசி வரை இழுபறி. ஸிம்மர்மன் தம் புத்தகத்தில் ஜூலை மாதத்துக்கு வைத்திருப்பது வட்டச் சால்வை. வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும் என்ற ஒரே விதியின் மேல் அது நிற்கிறது. நடுவில் 9 கண்ணிகளில் தொடங்கி, 18 ஆக்கி 3 சுற்று, 36 ஆக்கி 6 சுற்று, 72 ஆக்கி 12 சுற்று, 144-க்கு 24, 288-க்கு 48 என்று போகும். இடையில் கண்ணி கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பதால் எந்த லேஸ் பூவேலையையும் உள்ளே செருகலாம். அழகான கணக்குதான், ஆனால் நேரத் திட்டம் போடுகிறவரை ஏமாற்றும். 576 கண்ணிகளாக்கி 96 சுற்றும் போனால் அந்தக் கடைசிப் பகுதிக்கு மட்டும் 55,000-க்கு மேல் கண்ணிகள் ஆகின்றன. அதற்கு முந்திய பகுதிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் 18,400-தான். பாதி ஆரம் வந்ததும் பாதி வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் முடிந்திருப்பது கால் பங்கு. மொத்தம் 49 மணி நேரம், அதுவும் லேஸ் என்பதால் நிமிடத்துக்கு 25 கண்ணிகள் வராது.

ஆகவே இந்த ஆண்டு 288 கண்ணிகளோடு, 48-ஆவது சுற்றில் முடித்துக்கொள்ளப்போகிறேன். 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். குறுக்களவு 70 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும்; சால்வைக்குப் போதாது, பச்சைக் குழந்தையைச் சுற்றி எடுக்கத் தாராளம். அரைக்கைச் சட்டைக்கு வாங்கும் அதே இரட்டை நூலில் 200 கிராம் கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உறவில் ஒரு பிரசவம் வைகாசியில் என்று சொல்லியிருக்கிறார்கள். யாருக்கு என்று எழுதினால் அவர்களுடைய பாட்டி இதைப் படித்துவிடக்கூடும்.